எந்தக் கப்பலில் ஏறுவது? மாலுமியார் முதல் 'சிதம்பரம்' கப்பல் வரை

விடுமுறைக்காகக் கப்பலேற விரும்புவோர் இன்று கேட்கும் கேள்விகள் பல. அறைக்குச் சாளரம் உண்டா, கட்டணத்தில் உணவும் அடங்குமா, எத்தனை ஊர்களில் கப்பல் நிற்கும், குழந்தைகளுக்கு நீச்சல்குளம் இருக்கிறதா என்று ஒவ்வொரு கப்பல் நிறுவனத்தின் விளம்பரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். இவையெல்லாம் கப்பல் கரை திரும்பும் என்ற உறுதியின்மேல் எழும் கேள்விகள். அந்த உறுதி இல்லாத காலத்திலும் தமிழகக் கடற்கரையிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் எதைப் பார்த்துக் கப்பலைத் தேர்ந்தெடுத்தார்கள்? ஏட்டிலும் எழுத்திலும் அவ்வளவாகப் பதிவாகாத இக்கேள்விக்கு விடை தேட, பரங்கிப்பேட்டையைவிடப் பொருத்தமான ஊர் அமைவது அரிது.

மூன்று பெயர்கள், ஒரு துறை

சிதம்பரத்துக்கு வடகிழக்கே, வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில், ஆற்றின் வடகரையில் அமைந்தது பரங்கிப்பேட்டை. 16ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், செஞ்சி நாயக்கர்களின் ஆட்சியில், போர்த்துக்கீசியர் இங்குக் குடியேறினர். அவர்கள் தம் மொழியில் 'புதிய துறை' என்னும் பொருள்பட போர்ட்டோ நோவோ என்றனர். இசுலாமிய ஆட்சியாளர்களும் வணிகர்களும் மகமூது பந்தர் என்றனர். உள்ளூர்த் தமிழரோ, பரங்கியர் வாழும் பேட்டையாதலால் பரங்கிப்பேட்டை என்றனர். ஓர் ஊருக்கு மூன்று பெயர்கள் வழங்கின என்றால், அங்கு வெவ்வேறு திசைகளிலிருந்து வந்தோர் ஒருவரையொருவர் முழுதும் வென்றுவிடாமல் அருகருகே வாழ்ந்தனர் என்று கொள்ளலாம். ஒரு பயணிக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிடைக்க அதுவே முதல் நிபந்தனை.

17, 18ம் நூற்றாண்டுகளில் இத்துறையிலிருந்து அச்சே, கெடா, மலாக்கா, பெகு, தெனாசெரிம் முதலிய கீழைத் துறைகளுக்குக் கப்பல்கள் சென்றன. போகும்போது ஏற்றப்பட்ட முதன்மைச் சரக்கு துணி. திரும்பும்போது வெள்ளீயம், மிளகு, பாக்கு ஆகியன வந்தன. கீழைக் கரைகளிலிருந்து யானைகளும் கப்பலேறிச் சோழமண்டலக் கரைக்கு வந்திருக்கின்றன.

அந்நாளில் சரக்கையும் ஆளையும் பிரித்துப் பார்ப்பது அரிது. பெருவணிகர் தம் முகவரை அனுப்பினார். சிறுவணிகனோ இரண்டு மூட்டைத் துணியோடு தானே கப்பலேறினான். மூட்டைக்கு இடம் பிடித்தால் அதன் அருகே அவனுக்கும் இடம். கப்பல் மூழ்கினால் முதலும் போயிற்று, உயிரும் போயிற்று. ஆகவே எந்தக் கப்பலில் ஏறுவது என்பது அவனைப் பொறுத்தவரை வாழ்நாளின் மிகப் பெரிய முடிவுகளுள் ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

கம்பெனியா, சோழியர் கப்பலா?

போர்த்துக்கீசியரைத் தொடர்ந்து டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பரங்கிப்பேட்டையில் பண்டசாலை வைத்தனர். தெற்கே ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் தரங்கம்பாடியில் 1620 முதல் டேனியர் இருந்தனர். வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் ஆங்கிலேயரும் இருந்தனர். ஆயினும் பரங்கிப்பேட்டையின் கீழ்க்கடல் வணிகத்தில் பெரும் பங்கு ஐரோப்பியக் கம்பெனிகளிடம் இல்லை. அது மரக்காயர் உள்ளிட்ட தமிழ் முசுலிம் கப்பலுடையோரிடம் இருந்தது. மலாய் நாடுகளிலும் ஐரோப்பியர் எழுத்துகளிலும் இவர்கள் 'சூலியா' எனப்பட்டனர். சோழமண்டலத்தார் என்னும் பொருளில் 'சோழியர்' என்பதன் திரிபே இச்சொல் என்று கருதுவர். 1669 முதல் 1679 வரை வங்கக் கடற்கரைகளில் சுற்றிய ஆங்கில வணிக மாலுமி தாமஸ் பௌரி, இச்சூலியர் கீழைத் துறைகளெங்கும் பரவி வாணிகம் செய்வதைத் தம் நூலில் குறித்துள்ளார். மலாய் மொழிக்கு ஆங்கில அகராதி செய்து 1701ல் வெளியிட்டவரும் இவரே. ஆகவே அக்கடலை நன்கறிந்தவர் சொல்லாகவே இதைக் கொள்ளலாம்.

கம்பெனிகளிடம் பீரங்கியும் முதலும் இருந்தும் சிறுவணிகர் சோழியர் கப்பலை ஏன் நாடினர்? பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம் போன்றோர் ஆராய்ந்து காட்டிய சோழமண்டல வணிகத்தின் இயல்பிலிருந்து சில காரணங்களைத் தொகுக்கலாம்.

முதலாவது, செலவு. கம்பெனிக்குக் கோட்டை, படை, பண்டசாலை ஊழியர் என்று பெருஞ்செலவு உண்டு. சோழியர் கப்பலுக்கு அவை இல்லை. கப்பலில் பணிபுரிவோர் தமக்கென ஒரு சிறு பொதியை ஏற்றி விற்றுக்கொள்ளும் வழக்கமும் இருந்ததால் கூலிச் சுமை குறைந்தது. எனவே குறைந்த இலாபத்திலும் அக்கப்பல் ஓட முடிந்தது.

இரண்டாவது, காற்று. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை சோழமண்டலக் கரை புயற்காலம். சென்னைத் துறையில் ஆங்கிலேயர் அந்நாட்களில் கோட்டைக் கொடியையே இறக்கிவைத்துக் கப்பல்களை எச்சரித்தனர். கரையிலேயே பிறந்து வளர்ந்த மாலுமிக்கு வாடை எப்போது திரும்பும், கச்சான் எப்போது எழும் என்பது உடலறிவு. ஐரோப்பாவில் எழுதிய அட்டவணைக்கு அவன் கட்டுப்பட்டவனல்லன். காற்றுக்குக் காத்திருக்கவும், காற்று வந்ததும் விரைந்து புறப்படவும் அவனால் இயலும்.

மூன்றாவது, உறவு. கப்பலுடையவரின் சார்பில் பொறுப்பேற்று வரும் நாகுதா பயணியின் ஊரார். அவர் வீடு எந்தத் தெருவில் என்று பயணிக்குத் தெரியும். பயணி திரும்பாவிட்டால் அவன் மனைவி மக்கள் போய் நின்று கேட்க ஒரு வாசல் உண்டு. பொறுப்புச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்பதே அந்நாளைய காப்பீடு.

இத்தனை இருந்தும் அக்கப்பல் முழு உரிமையுடன் ஓடிவிடவில்லை. போர்த்துக்கீசியர் 'கர்த்தாஸ்' என்னும் அனுமதிச் சீட்டில்லாத கப்பல்களைப் பிடித்தனர். பின்வந்த கம்பெனிகளும் அம்முறையைத் தொடர்ந்தன. எனவே, கப்பலைத் தேரும் பயணி அது யாருடைய சீட்டில் ஓடுகிறது என்பதையும் கேட்க வேண்டியிருந்தது. டச்சுக்காரரோடு பகை மூண்டிருக்கும் அரசின் சீட்டை வைத்திருந்தால் மலாக்கா நீரிணையில் துன்பம் நேரும். ஐரோப்பியர் தமக்குள் போரிட்டபோது, போரில் சேராத டேனியரின் கொடிக்கு மதிப்பு ஏறியதும் இக்காரணத்தாலேயே.

புதிதாக வந்த ஒரு கப்பல்

தேர்ந்தெடுக்கும் உரிமை எவ்வளவு மெல்லிய இழையில் தொங்கியது என்பதைக் காட்டும் நிகழ்ச்சி 1733ல் பரங்கிப்பேட்டையிலேயே நடந்தது. 1731ல் தொடங்கப்பட்ட ஸ்வீடன் நாட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 'டிரோட்னிங் உல்ரிகா எலியனோரா' என்ற கப்பலை அனுப்பியது. அந்நாட்டு அரசியின் பெயர் அது. 1733 செப்டம்பரில் கப்பல் பரங்கிப்பேட்டையை அடைந்தது. ஆற்காட்டு நவாபின் ஆட்சிக்குட்பட்ட அவ்வூரில் ஸ்வீடன்காரர் பண்டசாலை அமைத்தனர்.

வாங்குவோர் ஒருவர் கூடினால் விற்போருக்கு நன்மை. கப்பல் ஒன்று கூடினால் பயணிக்கும் நன்மை. பழைய கம்பெனிகள் இதை நன்கறிந்திருந்தன. ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாகப் பகைத்துநின்ற ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும், புனித டேவிட் கோட்டையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் படையனுப்பி, ஒன்றாகச் சேர்ந்து ஸ்வீடன் பண்டசாலையைக் கைப்பற்றினர். சரக்குகள் பறிமுதலாயின. போட்டியாளர் இருவர் கைகோத்தார்கள் என்றால் மூன்றாவது ஆள் உள்ளே வந்துவிட்டான் என்று பொருள். பின்னாளில் வேறு கடற்கரைகளிலும் இப்பாடம் மீண்டும் படிக்கப்பட்டது.

மாலுமியார்

சரி, பயணி எதைப் பார்த்துத் தேர்ந்தான் என்ற நம் கேள்விக்குப் பரங்கிப்பேட்டை மக்களே ஒரு விடையைக் கட்டி வைத்துள்ளனர். 1906ல் வெளியான தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டில் டபிள்யூ. பிரான்சிஸ் அவ்வூர்த் தர்காக்களைப் பற்றி எழுதியுள்ளார். அவற்றுள் ஒன்று மாலுமியார் தர்கா. வாழ்ந்த காலத்தில் பேர்பெற்ற கப்பலோட்டியாக இருந்தவர் அவர். பத்துப் பன்னிரண்டு கப்பல்களை உடையவர் என்றும், அத்தனை கப்பல்களிலும் ஒரே நேரத்தில் தாமே நின்று செலுத்துவார் என்றும் மக்கள் நம்பினர். கடலில் செல்வோரை இடரிலிருந்து காப்பார் என்பதும் நம்பிக்கை. பயணம் புறப்படும் மாலுமிகளும் நலமாகத் திரும்பியோரும் அங்குள்ள சிறு பெட்டியில் காணிக்கையிடுவர். அக்காசு அவ்விடத்துக்கு விளக்கேற்றவும் சுண்ணாம்படிக்கவும் பயன்பட்டது.

இக்கதையை அற்புதம் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அதனுள் ஒரு பயணியின் ஏக்கம் இருப்பதை நாம் காணவேண்டும். பத்துக் கப்பல்கள் உடைய ஒருவர் ஒரு கப்பலில்தான் இருக்க முடியும். மற்ற ஒன்பதில் ஏறுவோரின் கதி? கப்பல் கூட்டம் பெருகப் பெருக, பெயருக்குரிய மாலுமிக்கும் பயணிக்கும் இடையே தொலைவு கூடுகிறது. 'அவர் எல்லாக் கப்பலிலும் இருக்கிறார்' என்ற கதை, அத்தொலைவை நம்பிக்கையால் நிரப்பிய கதை. பெயர் எல்லாக் கப்பலிலும் எழுதப்படலாம். பொறுப்பும் எல்லாக் கப்பலிலும் இருக்க வேண்டும் என்பதே மக்கள் கேட்டது.

அதே கையேடு கூறும் இன்னொரு தர்கா அரைக்காசு நாச்சியாருடையது. அவருக்கு மிகச் சிறிய காசுக்கு மேல் காணிக்கை செலுத்தலாகாது. செல்வர் கொணர்ந்த பெருங்காணிக்கைகள் பலிக்கவில்லை என்றும், பின்பு சிறு காசு செலுத்தியே அருள் பெற்றனர் என்றும் கதைகள் வழங்கின. பெருவணிகரும் மூட்டை சுமந்த சிறுவணிகரும் ஒரே கப்பலில் ஏறிய ஊரில், கடவுளருள் கட்டணத்தின் அளவைப் பொறுத்ததன்று என்ற எண்ணம் வேரூன்றியதில் வியப்பில்லை.

நீராவி வந்த பின்

1780ல் ஹைதர் அலியின் மகன் கரீம் சாகிபின் படை பரங்கிப்பேட்டையைச் சூறையாடியது. மறு ஆண்டு ஜூலை 1ம் நாள் அவ்வூருக்கருகே ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் ஹைதருக்கும் பெரும்போர் நடந்தது. 1786ல் பினாங்கில் ஆங்கிலேயர் துறை திறந்ததும் சூலியர் பலர் அங்குக் குடியேறினர். 1801ல் அவர்கள் எழுப்பத் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826ல் தோன்றிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் இன்றும் அக்கப்பல்களின் சுவடுகளாக நிற்கின்றன.

அடுத்த அடி நீராவியால் வந்தது. 1856ல் வில்லியம் மெக்கின்னன் தொடங்கிய கம்பெனி, 1862ல் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி எனப் பெயர் மாறி, அரசின் தபால் ஒப்பந்தங்களோடு வளர்ந்தது. நீராவிக் கப்பலுக்கு நிலக்கரியும் ஆழமும் இரயில் தொடர்பும் வேண்டும். 1861ல் இரயில் வந்த நாகப்பட்டினம் கீழ்க்கடல் பயணத்தின் வாயிலாயிற்று. ஆற்றுவாய் ஆழமற்ற பரங்கிப்பேட்டைக்கும் பின்னர் இரயில் வந்தது. ஆனால் அந்த இரயில் பயணிகளைக் கப்பலுக்குக் கொணரவில்லை, ஊரிலிருந்து கொண்டுபோயிற்று.

நீராவிக் கப்பல் காற்றுக்குக் காத்திராது. குறித்த நாளில் புறப்படும். பயணியின் அச்சம் குறைந்தது உண்மை. ஆனால் கூடவே ஒன்று பறிபோயிற்று. வழித்தடம் ஒரே கம்பெனியின் கைக்குப் போனால் கட்டணத்தையும் நடத்தையையும் அதுவே முடிவு செய்யும். 1887ல் இந்தியப் பயணிகளின் கப்பல்களுக்கென அரசு தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. நாகுதாவின் வீட்டு வாசலில் கேட்டதைச் சட்டப்பிரிவில் கேட்கும் காலம் வந்துவிட்டது.

எட்டணாவும் ஒரு குடையும்

பறிபோன தேர்வுரிமையை மீட்க முயன்றவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கோலோச்சிய வேளையில், 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். முதலில் கப்பல் வாடகைக்குக் கொடுத்த பம்பாய் நிறுவனம் பின்வாங்கியது. எனவே 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்களைச் சொந்தமாகவே வாங்கினர்.

பின் நடந்த கட்டணப் போரை அக்காலத்தைப் பற்றி எழுதியோர் பலரும் குறித்துள்ளனர். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. உடனே எதிர்த்தரப்பு, கட்டணமே வேண்டாம், ஏறுவோருக்கு ஒரு குடையும் தருகிறோம் என்று இறங்கியது.

இங்கே நாம் சற்று நிற்கவேண்டும். துறையில் நிற்கும் ஏழைப் பயணியின் முன் இரண்டு கப்பல்கள். ஒன்றுக்கு எட்டணா, மற்றொன்றுக்கு ஒன்றுமில்லை, குடையும் கிடைக்கும். கையில் காசில்லாதவன் இலவசக் கப்பலை நாடினால் அவனைக் குறைசொல்ல முடியுமா? முடியாது. ஆயினும் சுதேசிக் கப்பல் மூழ்கிய மறுநாள் அந்தக் குடை கிடைக்காது, இலவசமும் இராது. இன்று மிச்சமாகும் எட்டணாவை நாளை எவ்வளவு கட்டணமாகத் திருப்பித் தரவேண்டியிருக்கும் என்பது பயணச்சீட்டில் அச்சிடப்படுவதில்லை. எட்டணா கொடுத்து ஏறியவர்கள் ஒரு பயணத்தை மட்டும் வாங்கவில்லை. மறுமுறையும் இரண்டு கப்பல்களில் ஒன்றைத் தேரும் உரிமையை வாங்கினார்கள்.

1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. கப்பல்கள் விற்கப்பட்டன, 1911ல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1733ல் துப்பாக்கியால் முடிந்தது இம்முறை இலவசச் சீட்டாலும் சிறையாலும் முடிந்தது.

'ரஜூலா'வும் 'சிதம்பர'மும்

பின்வந்த தலைமுறைக்குக் கப்பலின் பெயரே கம்பெனியாயிற்று. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் 'ரஜூலா' 1926ல் கட்டப்பட்டது. தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றும் உரிமம் பெற்றிருந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. தளத்தில் பாய் விரித்து, மூட்டை முடிச்சுகளுக்கிடையே ஒரு வாரம் கழித்தோர் எத்தனையோ ஆயிரம் பேர். 'ரஜூலாவில் வந்தோம்' என்று சொன்னார்களேயன்றிக் கம்பெனியின் பெயரைச் சொன்னவர் குறைவு. மாலுமியின் பெயரிலிருந்த நம்பிக்கை கப்பலின் பெயருக்கு இடம்பெயர்ந்தது.

1973ல் ரஜூலா ஓய்வுபெற்றது. அதே காலத்தில் இந்தியக் கப்பல் கழகம், 1966ல் கட்டப்பட்ட 'பாஸ்டர்' என்ற பிரெஞ்சுக் கப்பலை வாங்கி 'சிதம்பரம்' எனப் பெயரிட்டு இத்தடத்தில் விட்டது. பரங்கிப்பேட்டையின் அண்டை ஊர்ப் பெயர் அவ்வாறு சிங்கப்பூர்த் துறைவரை சென்றது. அப்போது பயணிக்கு இருந்த தேர்வு கப்பலுக்கும் கப்பலுக்கும் இடையிலானதன்று. கப்பலுக்கும் விமானத்துக்கும் இடையிலானது. 1985 பிப்ரவரி 12 அன்று வங்கக் கடலில் அக்கப்பலில் தீப்பிடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கப்பல் உடைப்புக்குப் போயிற்று. அதன்பின் அத்தடத்தில் முறையான பயணிகள் கப்பல் மீளவில்லை. பல நூற்றாண்டுகளாக நடந்த ஒரு பயணம் மாற்றுக் கப்பல் இன்றி நின்றுபோனது.

இன்று ஏறுவோருக்கு

2022 ஜூனில் சென்னையிலிருந்து 'எம்ப்ரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. 2023 அக்டோபர் 14ல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 'செரியபாணி' ஓடத் தொடங்கி, ஒரு வாரத்துக்குள் வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' அத்தடத்தை மீண்டும் திறந்தது. எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் இக்கடல் பழைய மாலுமிகளின் நாட்காட்டியை இன்னும் கைவிடவில்லை.

ஆகவே விளம்பரத் தாள்களைப் புரட்டுவோர், பரங்கிப்பேட்டைத் துறையில் மூட்டையோடு நின்றவன் கேட்ட கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம். எந்த மாதத்தில் புறப்படுகிறது? அக்டோபர் நடுமுதல் டிசம்பர் நடுவரை வங்கக் கடல் எப்படி இருக்கும் என்று தனியே விளக்க வேண்டியதில்லை. எந்நாட்டுக் கொடி பறக்கிறது? உலகின் உல்லாசக் கப்பல்களுள் பல பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவானவை. இடர் நேர்ந்தால் எந்நாட்டுச் சட்டம் பேசும் என்பது பழைய கர்த்தாஸ் கேள்வியே. இலவசம் என்று தருவதற்கு யார், எப்போது விலை கொடுக்கிறார்? இது குடையின் கேள்வி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏதேனும் நேர்ந்தால் நம் வீட்டார் எந்த வாசலில் போய் நிற்பது?

பரங்கிப்பேட்டையில் இப்போது பெருங்கப்பல்கள் இல்லை. வெள்ளாற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. மீனவர் படகுகள் ஆற்றுவாய் கடந்து போய் வருகின்றன. கடல் அங்கே இன்னும் பிழைப்பாகவும் படிப்பாகவும் இருக்கிறது. அவ்வூர் மாலுமிகள் புறப்படும்போதும் காணிக்கையிட்டார்கள், திரும்பியபோதும் இட்டார்கள். புறப்படும்போது இட்டது வேண்டுதல். திரும்பியபோது இட்டது கணக்குத் தீர்த்தல். எந்தக் கப்பலைத் தேர்வது என்று இன்று நம்மைக் கேட்போருக்கு நாம் சொல்லக்கூடியதும் அதுவே: திரும்பி வந்த பின்பும் நன்றியோடு நினைக்கத் தகுந்தவர் செலுத்தும் கப்பலில் ஏறுங்கள்.